திருப்பத்தூர் சப் கலெக்டர் மாஸ்கோவுக்குப் போன கதை

வேலூர்ப் பக்கத்தில் தூதரகம் என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் நினைவுக்கு வருவது விசாதான். சி.எம்.சி.யில் வைத்தியம் பார்க்க வரும் வங்கதேசத்துக் குடும்பங்களுக்கு அது வேண்டும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் நம் பையன்களுக்கும் வேண்டும். தூதர் என்பவர் டெல்லியில் வளர்ந்த, நமக்குச் சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் என்றே தோன்றும். ஆனால் சுதந்திர இந்தியா மற்ற நாடுகளோடு சொந்தக் குரலில் பேசத் தொடங்கிய அந்த ஆரம்ப ஆண்டுகளில், 1949 முதல் 1961 வரை, மாஸ்கோவில் அடுத்தடுத்துத் தூதராக இருந்த இரண்டு பேருக்குமே பழைய வட ஆற்காடு மாவட்டத்தோடு ஒட்டு உண்டு. ஒருவர் திருத்தணியில் பிறந்து வேலூரில் படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். தெரியாவிட்டாலும் செப்டம்பர் 5 வந்தால் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடுவார்கள். இன்னொருவர் திருப்பத்தூரில் சப் கலெக்டராக இருந்த கே.பி.எஸ். மேனன். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவரைப் பற்றியது.

மேனன் என்றதும் குழப்பம் வரும், அதை முதலிலேயே தீர்த்துவிடலாம். ஐ.நா.வில் காஷ்மீருக்காக மணிக்கணக்கில் பேசி மயங்கி விழுந்தவர் வி.கே. கிருஷ்ண மேனன். சமஸ்தானங்களை இணைக்கும் வேலையில் பட்டேலுக்குத் துணையாக நின்றவர் வி.பி. மேனன். நம்மவர் மூன்றாமவர்: குமார பத்ம சிவசங்கர மேனன். 1898-இல் கோட்டயத்தில் பிறந்தவர். மூன்று பேரும் ஒரே காலத்தில் நேருவின் அரசாங்கத்துக்காக வேலை பார்த்தார்கள் என்பதால், அந்தக் காலத்துப் பத்திரிகை வாசகர்களும் நம்மைப் போலவே தடுமாறித்தான் இருப்பார்கள்.

வட ஆற்காட்டின் எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1911-இல் மாவட்டங்களை வெட்டி ஒட்டினார்கள். அப்போது சித்தூர் மாவட்டம் புதிதாக உருவாகி, திருத்தணி வட ஆற்காட்டை விட்டுப் போனது. அதே ஆண்டில்தான் அதுவரை சேலம் மாவட்டத்தில் இருந்த திருப்பத்தூர் வட ஆற்காட்டுக்கு வந்தது. ராதாகிருஷ்ணனின் ஊர் வெளியே போக, மேனன் உத்தியோகம் பார்த்த ஊர் உள்ளே வந்தது. திருத்தணி மறுபடி தமிழ்நாட்டுக்கு வர 1960 ஆயிற்று; அதற்கு ம.பொ.சி. நடத்திய போராட்டம் தனிக்கதை. திருப்பத்தூர் இன்றைக்குத் தனி மாவட்டத் தலைநகர், 2019 முதல்.

திருப்பத்தூர் வெறும் தாலுகா ஊர் அல்ல. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் என்ற சீமை கும்பெனியாரின் கைக்கு வந்தபோது, அதை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடு தன் இருப்பிடமாக வைத்துக்கொண்டது இந்த ஊரைத்தான். ஜமீன்தாரை நடுவில் வைக்காமல், சர்க்காரே ஒவ்வொரு குடியானவனிடமும் நேரடியாகத் தீர்வை பேசும் ரயத்வாரி முறைக்கு இங்கேதான் விதை விழுந்தது. ரீடின் கீழே வேலை பழகிய தாமஸ் மன்றோதான் பிற்பாடு அதை மெட்ராஸ் மாகாணம் முழுக்கப் பரப்பினார். அதனால் என்ன என்று கேட்கலாம். ரயத்வாரி நடக்கிற இடத்தில் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தபடி காலம் தள்ள முடியாது. ஊர் ஊராகப் போயாக வேண்டும், வயலில் இறங்க வேண்டும், ஒவ்வொரு குடும்பத்தின் வழக்கையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மேனனைப் போன்றவர்கள் கற்ற முதல் பாடம் இதுதான். அவர் ஒரு நல்ல தூதராக ஆனதற்கு ஆக்ஸ்ஃபோர்டைவிட இந்தத் தாலுகா வேலைக்குக் கடன் அதிகம் என்பது என் கட்சி.

1920-களில் ஒரு சப் கலெக்டரின் வேலை என்ன? ரெவின்யூ டிவிஷன் முழுவதற்கும் அவர்தான் பொறுப்பு. முதல் வகுப்பு மாஜிஸ்ட்ரேட்டும் அவரே. வருஷத்தில் பாதி நாள் கேம்ப். கூடாரம், குதிரை, பின்னால் ஒரு வண்டி நிறையக் கட்டுக் காகிதம். ஜமாபந்தி என்ற வருஷாந்தரக் கணக்குத் தணிக்கை என்றால் கர்ணங்கள் அடங்கலையும் சிட்டாவையும் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். பசலி என்ற வரி ஆண்டு ஜூலையில் தொடங்கும். போன பசலியின் கணக்கு சரியா, யாருக்கு எவ்வளவு தீர்வை தள்ளுபடி, யார் புறம்போக்கில் கொட்டகை போட்டிருக்கிறான், எந்த ஏரிக் கலங்கலை யார் உடைத்தார்கள், எல்லாம் ஒரே மேஜைக்கு வரும். மனுக்காரர் ஒன்று சொல்வார், மணியக்காரர் நேர்மாறாகச் சொல்வார், தாசில்தார் மூன்றாவதாக ஒன்று எழுதி வைத்திருப்பார். மூன்றையும் படித்துவிட்டு, சாயங்காலத்துக்குள் ஒரு பக்கத்தில் தெளிவான உத்தரவு எழுத வேண்டும். அந்த உத்தரவைக் கலெக்டரும் அவருக்கு மேலே ரெவின்யூ போர்டும் பார்ப்பார்கள் என்ற நினைப்பிலேயே எழுத வேண்டும். மெட்ராஸ் மாகாணத்தில் உள்ளூர் மொழியில் தேர்வு எழுதித் தேறாமல் ஐ.சி.எஸ். (இன்றைய ஐ.ஏ.எஸ்.ஸின் முன்னோடி) அதிகாரியால் மேலே போகவும் முடியாது.

சரி, இந்த நாற்காலிக்கு மேனன் எப்படி வந்தார்? கோட்டயத்தில் பள்ளிப் படிப்பு, அப்புறம் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி. அது தாம்பரத்துக்குப் போவதற்கு முன், பாரிமுனைப் பக்கம் இருந்த காலம். சில ஆண்டுகளுக்கு முன் ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்த அதே கல்லூரி. பிறகு ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான அந்தோணி ஈடன் அங்கே அவருடைய சமகாலத்தவர். இந்திய மாணவர்களின் விவாத சபையான மஜ்லிஸுக்கு மேனன் தலைவராக இருந்தார். ஐ.சி.எஸ். தேர்வில் முதலிடம் என்பது அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் தவறாமல் சொல்வது. கல்யாணம் செய்துகொண்டது சர் சி. சங்கரன் நாயரின் மகளை. அந்தச் சங்கரன் நாயர் 1897-இல் காங்கிரஸ் தலைவராக இருந்தவர். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு வைஸ்ராய் நிர்வாக சபைப் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தவர். பஞ்சாப் லெப்டினன்ட் கவர்னராக இருந்த ஓ'டுவையர் அவர்மேல் லண்டனில் அவதூறு வழக்குப் போட்டு 1924-இல் ஜெயித்தார். மாமனார் சர்க்காரை எதிர்த்துக் கோர்ட்டில் நிற்கிறார், மருமகன் அதே சர்க்காரின் அதிகாரி. அந்தத் தலைமுறை இந்திய ஐ.சி.எஸ். அதிகாரிகள் பலர் இப்படி இரண்டு பக்கமும் காலை வைத்துத்தான் நடந்தார்கள். இதைக் கோழைத்தனம் என்று அப்போதே சொன்னவர்கள் உண்டு. சுதந்திரம் வந்த மறுநாள் நிர்வாகத்தை நடத்த ஆள் வேண்டியிருந்ததே என்று பதில் சொன்னவர்களும் உண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

திருப்பத்தூருக்கும் திருச்சிக்கும் பிறகு மேனனின் பாதை மாறியது. அவர் அரசியல் துறைக்குப் போனார். பிரிட்டிஷ் இந்தியாவில் சமஸ்தானங்களையும் எல்லைப் பகுதிகளையும் வெளிநாட்டு விவகாரங்களையும் கவனித்த துறை அது, இந்தியர்களை லேசில் உள்ளே விடாத துறை. ஹைதராபாத், பலூசிஸ்தான், வடமேற்கு எல்லை என்று சுற்றினார். அந்தக் காலத்தைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் நமக்கு முக்கியமான ஊர் அடுத்தது: கண்டி.

1922-இல் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தது. தோட்ட வேலைக்குக் கடல் கடந்து போகும் ஆட்களைக் கவனிக்க, இலங்கையிலும் மலாயாவிலும் இந்திய அரசின் ஏஜெண்டுகளை அமர்த்தினார்கள். தூதர் என்ற பெயர் இல்லை. இந்தியாவுக்கென்று தனி வெளியுறவே இல்லாத காலத்தில் அந்தப் பெயர் எப்படிக் கிடைக்கும்? ஆனால் செய்த வேலை கிட்டத்தட்ட அதுவே. இலங்கை ஏஜெண்டின் அலுவலகம் கொழும்பில் இல்லாமல், தேயிலைத் தோட்டங்களுக்குப் பக்கமாகக் கண்டியில் இருந்தது. 1920-களின் கடைசியில் மேனன் அங்கே போனார்.

திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, புதுக்கோட்டை என்று பல சீமைகளிலிருந்து மண்டபம் முகாம் வழியாகப் போன தமிழர்கள்தான் அவருடைய குடிகள். ஆள் சேர்க்கும் கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக ஏறி, அந்தக் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, சீட்டோடு ஆளையும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றுவது வழக்கமாக இருந்தது. அதை 1921-இல் தடை செய்தார்கள். 1927-இல் இந்தியத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. சட்டம் எழுத்தில் இருக்கும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் நடப்பது வேறாக இருக்கும். இடைவெளி எவ்வளவு என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்து எழுதுவதுதான் ஏஜெண்டின் வேலை. மேனன் இருந்த ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம் வேறு வந்தது. ரப்பர் விலையும் தேயிலை விலையும் சரிய, முதலாளிகள் கூலியைக் குறைக்கப் பார்த்தார்கள், ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். டொனமூர் அரசியலமைப்பு 1931-இல் நடைமுறைக்கு வந்து, வாக்குரிமை யாருக்கு என்ற கேள்வியும் மேலே எழுந்தது. தோட்டத் தமிழர் இலங்கைக்காரரா, வந்து போகிறவரா? இந்தக் கேள்விக்கு 1948-இல் இலங்கை, பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை என்ற கொடுமையான பதிலைச் சட்டமாகவே சொன்னது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்ததும் இதன் தொடர்ச்சிதான். மேனன் காலத்திலேயே புகைந்துகொண்டிருந்த நெருப்பு அது.

இங்கே வேலூர்க்காரர்களுக்கு ஒரு கிளைக்கதை. கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர், கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்டவர், 1815-இல் பதவி இழந்து, அடுத்த ஆண்டு வேலூர்க் கோட்டைக்குக் கைதியாக வந்தார். 1832-இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருக்கிறது. ஒரு நூற்றாண்டு இடைவெளியில் கண்டியிலிருந்து ஓர் அரசர் வட ஆற்காட்டுக்குக் கைதியாக வந்தார். வட ஆற்காட்டில் வேலை பார்த்த ஓர் அதிகாரி கண்டிக்கு இந்தியாவின் பிரதிநிதியாகப் போனார். இரண்டையும் செய்தது ஒரே சாம்ராஜ்யம்.

வெளிநாட்டு இந்தியர் விவகாரம் மேனனை விடவில்லை. 1934-இல் சான்சிபாரில் சுல்தானின் அரசு கிராம்பு வியாபாரத்தையும் நில விற்பனையையும் கட்டுப்படுத்தும் சட்டங்களைக் கொண்டுவந்தது. அங்கே கடன் கொடுத்து, கிராம்பு வாங்கி விற்றுப் பிழைத்த இந்திய வியாபாரிகளின் மடியில் அது கைவைத்தது. மேனனை அனுப்பி விசாரிக்கச் சொன்னார்கள். பிரிட்டிஷ் சர்க்காரின் அதிகாரியான அவரே, பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த இன்னொரு நாட்டின் சட்டம் இந்தியர்களைப் பாதிக்கிறது என்று அறிக்கை எழுதினார். சில ஆண்டுகள் கழித்து இந்தியாவில் காங்கிரஸ் சான்சிபார் கிராம்பைப் புறக்கணிக்கச் சொன்னது. நேட்டாலுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வேலைகளெல்லாம் நம் மாவட்டத்துக்கு அந்நியமல்ல. வெளியுறவு என்பதே அன்றைக்குக் கூலி, கடன், வாக்கு, நிலம் இவற்றைப் பற்றியதாகத்தான் இருந்தது. தாலுகா கச்சேரியில் வருகிற அதே நான்கு விஷயங்கள்.

பரத்பூர் சமஸ்தானத்தில் திவானாக இருந்துவிட்டு, 1943-இல் சீனாவுக்கு இந்தியாவின் ஏஜெண்ட் ஜெனரலாகப் போனார். ஜப்பானியப் படையெடுப்பால் சீனாவின் தலைநகர் சுங்கிங்குக்கு நகர்ந்திருந்த நேரம். விமானத்தில் போய்விடக்கூடிய அந்த ஊருக்கு 1944-இல் அவர் தரை வழியாகப் போனார்: காஷ்மீர், காரகோரம், பாமீர், சின்ஜியாங் என்று 100 நாட்களுக்கும் மேல் நடையும் குதிரையும் மோட்டாருமாக. பர்மாச் சாலை ஜப்பானியர் கையில் இருந்ததால், வடமேற்கில் வேறு வழி உண்டா என்ற கேள்வி அந்தப் பயணத்துக்குப் பின்னால் இருந்தது. பயணத்தின் நாட்குறிப்பு 1947-இல் நேருவின் முன்னுரையோடு புத்தகமாக வந்தது. மலையைப் பற்றியும் வழியில் கிடைத்த சாப்பாட்டைப் பற்றியும் ஒரே அக்கறையோடு எழுதுகிறவர் மேனன். கேம்ப் டைரி எழுதிப் பழகிய கை.

இப்போது கொரியா. மேனனின் வாழ்க்கையில் நான் அதிகம் யோசித்த இடம் இதுதான். 1948 ஜனவரியில் ஐ.நா.வின் தற்காலிகக் கொரியக் கமிஷன் சியோலில் கூடியது. மேனன் அதன் தலைவர். நாடு முழுவதும் தேர்தல் நடத்தி ஒரே கொரியாவை உண்டாக்குவது நோக்கம். வடக்கை வைத்திருந்த சோவியத் தரப்பு கமிஷனை உள்ளே விடவில்லை. அப்படியானால் தெற்கில் மட்டும் தேர்தல் நடத்தலாமா? நடத்தினால் பிரிவினை கல்லில் எழுதியதாகிவிடும். மேனனின் முதல் மனநிலை தயக்கம்தான். இந்தியப் பிரிவினை முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லையே. ஆனால் பிப்ரவரியில் ஐ.நா.வின் இடைக்காலக் குழு முன்னால் அவர் பேசியபோது தெற்குத் தேர்தலுக்குக் கதவு திறக்கும் பக்கம் சாய்ந்தார். மே 10 அன்று தேர்தல் நடந்தது, சிங்மன் ரீ தென் கொரியாவின் குடியரசுத் தலைவரானார், இரண்டு ஆண்டில் போர். சியோலில் மோ யுன் சுக் என்ற பெண் கவிஞரின் நட்பு மேனனை சிங்மன் ரீயின் பக்கம் இழுத்தது என்று பேச்சு உண்டு. இதை வதந்தி என்று தள்ளிவிட முடியாதபடி செய்தவர் மேனனே: தன் உத்தியோக வாழ்க்கையில் மூளையை மனது ஜெயித்த இடம் அது என்ற பொருளில் பிற்காலத்தில் எழுதினார்.

அந்த நட்பை மட்டும் காரணமாக்குவது சுலபமான கதை. அமெரிக்கா தெற்குத் தேர்தலை நடத்தியே தீர்வது என்று இருந்தது. தயங்கி நின்ற கனடாவும் ஆஸ்திரேலியாவும் எதிர்த்து ஓட்டுப் போட்டும் தீர்மானம் நிறைவேறியது. மேனன் உறுதியாக எதிர்த்திருந்தால் கொரியா ஒன்றாகியிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டு பக்க வாக்குமூலத்தையும் கேட்டுப் பழகிய ஓர் அதிகாரிக்கு, வடக்குப் பக்கத்தை ஒருமுறைகூடக் கேட்காமல் உத்தரவு எழுத வேண்டி வந்தது என்பதுதான் இதில் உள்ள உண்மையான கோணல்.

அதற்குள் டெல்லி அவரை அழைத்துக்கொண்டது. 1948 முதல் 1952 வரை அவர் வெளியுறவுச் செயலாளர். சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலாளர் என்று பட்டியல்களில் இருக்கும் பெயர். பெயரைக் கேட்டால் அவர்தான் எல்லாம் என்று தோன்றும். அப்படியல்ல. வெளியுறவு அமைச்சர் நேருவே. செயலாளருக்கு மேலே செயலாளர் நாயகம் என்ற பதவியில் கிரிஜா சங்கர் பாஜ்பாய் இருந்தார். சீனாவின் புதிய அரசை அங்கீகரித்தது, கொரியப் போர், திபெத், பூட்டான், சிக்கிம், நேபாள ஒப்பந்தங்கள் எல்லாம் இந்த நான்கு ஆண்டுகளில் வந்தவை. மேனன் கோப்பை நகர்த்தியவர், முடிவெடுத்தவர் நேரு. இந்திய வெளியுறவுப் பணி என்ற சர்வீஸுக்கே 1946 அக்டோபரில்தான் அனுமதி கிடைத்திருந்தது. ஆள் எங்கே? ஐ.சி.எஸ்.ஸிலிருந்து கொஞ்சம், பட்டாளத்திலிருந்து கொஞ்சம், சமஸ்தானங்களிலிருந்து கொஞ்சம், பேராசிரியர்களிலிருந்து கொஞ்சம் என்று திரட்டினார்கள். 1945-இல் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்ட ராமசாமி முதலியார் ஜஸ்டிஸ் கட்சி அரசியல்வாதி. அவர் பெயருக்கு முன்னால் ஆற்காடு என்று வரும், பிறந்தது கர்நூலில்.

பேராசிரியர் வகையில் வந்தவர்தான் ராதாகிருஷ்ணன். அமெரிக்க ஆற்காடு மிஷன் வேலூரில் நடத்திய ஊரிஸ் கல்லூரியில் படித்துவிட்டு மெட்ராஸ் போனவர். ஆக்ஸ்ஃபோர்டு, காசி, யுனெஸ்கோ எல்லாம் பார்த்த பிறகு 1949-இல் அவரை நேரு மாஸ்கோவுக்கு அனுப்பினார். தத்துவப் பேராசிரியரை ஸ்டாலினிடம் அனுப்புவதா என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். அவருக்கு முன் அங்கே தூதராக இருந்தவர் விஜயலட்சுமி பண்டிட், நேருவின் தங்கை. அவரை ஸ்டாலின் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. இந்தியாவை இன்னும் பிரிட்டனின் வால் என்றே கிரெம்ளின் எண்ணியது. ராதாகிருஷ்ணனை ஸ்டாலின் இரண்டு முறை சந்தித்தார், 1950 ஜனவரியிலும் 1952 ஏப்ரலிலும். அசோகனைப் போல நீங்களும் போரை விட்டுவிடலாமே என்று ராதாகிருஷ்ணன் சொன்னதாகவும், நானும் பாதிரியார் பள்ளியில் படித்தவன்தான் என்ற தொனியில் ஸ்டாலின் பதில் சொன்னதாகவும் ஒரு கதை உலவுகிறது. ஸ்டாலின் கன்னத்தில் தட்டிக்கொடுத்த கதையும் உண்டு. சொல்லச் சொல்லக் கதைகள் மெருகேறும், அதைக் கணக்கில் வைத்துக்கொண்டே கேட்க வேண்டும். மறுக்க முடியாதது இது: இந்தியாவில் தானியப் பஞ்சம் வந்த 1951-இல் சோவியத் கோதுமை வந்தது, 1952 ஜனவரியில் பாதுகாப்பு சபையில் சோவியத் பிரதிநிதி காஷ்மீர் விஷயத்தில் மேற்கு நாடுகளைச் சாடினார். ஏதோ உருகத் தொடங்கியிருந்தது.

அந்த இடத்துக்குத்தான் 1952-இல் மேனன் போனார், ஒன்பது ஆண்டுகள் இருந்தார். இன்றைய வழக்கத்தில் ஒரு தூதர் ஓர் ஊரில் மூன்று ஆண்டு இருந்தாலே பெரிது. ஸ்டாலின், மாலெங்கோவ், புல்கானின், குருஷேவ் என்று நான்கு சோவியத் தலைவர்களின் ஏற்றத்தையோ இறக்கத்தையோ ஒரே ஜன்னலிலிருந்து பார்த்தார்.

1953 பிப்ரவரி 17 மாலை ஸ்டாலின் அவரைச் சந்தித்தார். பேசிக்கொண்டே ஸ்டாலின் சிவப்புப் பென்சிலால் காகிதத்தில் ஓநாய்களை வரைந்துகொண்டிருந்தார். ஓநாயை என்ன செய்ய வேண்டும் என்று ரஷ்யக் குடியானவனுக்குத் தெரியும் என்றார். மேனன் இதைத் தன் டைரியில் எழுதி வைத்தார். அமெரிக்கர்களைச் சொல்கிறார் என்று அப்போது எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஜனவரியில்தான் கிரெம்ளின் மருத்துவர்கள் சதி செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு அறிவிக்கப்பட்டு, யூத மருத்துவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். ஓநாய் வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் இருப்பதாக நினைத்த மனிதரின் பேச்சு அது. மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்தார். ஸ்டாலினை உயிரோடு பார்த்த கடைசி வெளிநாட்டவர் மேனன் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். சரியாகச் சொன்னால் கடைசி வெளிநாட்டுத் தூதர். அதே நாள் மாலையிலேயே இந்திய அமைதி இயக்கத் தலைவர் சைஃபுதீன் கிச்லூவும் ஸ்டாலினைச் சந்தித்தார்.

இந்தச் சந்திப்புக்குக் கிடைத்த பெயர் அடுத்தடுத்த ஆண்டுகளின் சலிப்பான வேலையை மறைத்துவிட்டது. உண்மையில் பலன் தந்தது அந்த வேலைதான். 1953 டிசம்பரில் இந்தியாவும் சோவியத்தும் ஐந்தாண்டு வர்த்தக ஒப்பந்தம் போட்டன. டாலர் இல்லாத நாடு ரூபாயிலேயே வாங்கலாம், விற்கலாம் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. 1955 பிப்ரவரியில் பிலாய் உருக்காலைக்குக் கையெழுத்து. அந்த ஜூனில் நேரு மாஸ்கோ போனார், அந்த ஆண்டுக் கடைசியில் குருஷேவும் புல்கானினும் இந்தியா வந்தார்கள். ஸ்ரீநகரில் நின்று காஷ்மீர் இந்தியாவுடையது என்றார் குருஷேவ். 1957-இல் பாதுகாப்பு சபையில் காஷ்மீர் தீர்மானத்துக்கு எதிராக சோவியத் வீட்டோ வந்தது.

ரூபாய் வர்த்தகத்தை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையே இல்லை. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் பழைய தோல் ஷாப்காரர்களிடம் ரஷ்யா ஆர்டர் என்று சொன்னால் போதும், கதை கதையாக வரும். இந்தியக் காலணிக்கும் காலணியின் மேல்தோலுக்கும் சோவியத் யூனியன் பெரிய வாடிக்கையாளராக இருந்தது. பணம் ரூபாயில், அரசு நிறுவனமான எஸ்.டி.சி. வழியாக நிறைய ஆர்டர்கள். 1991-இல் சோவியத் உடைந்ததும் அந்தக் கதவு மூடிக்கொண்டது; பலர் அவசர அவசரமாக ஜெர்மனி, இத்தாலி வாடிக்கையாளர்களைத் தேட வேண்டி வந்தது. மேனன் இதைத் திட்டமிட்டார் என்று சொல்ல வரவில்லை. 1953-இல் போட்ட கோடு முப்பது நாற்பது ஆண்டு கழித்து அவர் சப் கலெக்டராக இருந்த டிவிஷனிலேயே சம்பளக் கவராக வந்தது என்பது தற்செயல்தான், ஆனால் பொருளாதாரத்தில் இப்படிப்பட்ட தற்செயல்களுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து பேரம் பேசிய மேஜை ஒன்று எப்போதும் இருக்கும்.

அப்புறம் ஹங்கேரி. 1956-இல் புடாபெஸ்ட்டில் மக்கள் எழுந்தார்கள், சோவியத் டாங்கிகள் நசுக்கின. மேனன் மாஸ்கோவில் இருந்தபடியே ஹங்கேரிக்கும் தூதர். சூயஸ் கால்வாய்க்காக எகிப்தைத் தாக்கிய பிரிட்டனைக் கடுமையாகத் திட்டிய இந்தியா, ஹங்கேரிக்கு முனகியது, ஐ.நா.வில் ஒரு தீர்மானத்தில் சோவியத் பக்கமே ஓட்டுப் போட்டது. நேருவின் வெளிநாட்டுக் கொள்கையில் எளிதில் மன்னிக்க முடியாத வாரங்கள் அவை. மேனன் புடாபெஸ்ட் போய் நிலைமையைப் பார்த்து எழுதிய பிறகுதான் டெல்லியின் தொனி கொஞ்சம் மாறியது. புடாபெஸ்ட்டில் இந்தியாவின் பொறுப்பதிகாரியாக இருந்த எம்.ஏ. ரஹ்மான் எழுத்தாளர்களோடும் அறிஞர்களோடும் தொடர்பு வைத்திருந்தார். கவிழ்க்கப்பட்ட அரசின் அமைச்சர் இஷ்ட்வான் பிபோ எழுதிய சமரசத் திட்டம் அவருடைய தோழர் ஆர்ப்பாத் கோன்ட்ஸ் மூலம் இந்தியர்களின் கைக்கு வந்தது. இருவருக்கும் 1958-இல் தூக்கு விழும் என்றிருந்தது. ஆயுள் தண்டனையாக முடிந்தது. மேனன் சோவியத் தலைவர்களிடம் பேசியது அதற்கு உதவியது என்று சொல்கிறார்கள். கோன்ட்ஸ் 1963-இல் பொது மன்னிப்பில் வெளியே வந்து, மொழிபெயர்த்துப் பிழைத்து, 1990-இல் ஹங்கேரியின் குடியரசுத் தலைவரானார். பொதுமேடையில் இந்தியா சொல்லத் தவறியதை, காதோடு காதாக ஒரு தூதர் சொல்லி ஓர் உயிரைக் காப்பாற்றினார் என்றால், அது மேடைப்பேச்சுக்கு ஈடாகுமா? ஆகாது. ஆனாலும் கோன்ட்ஸுக்கு அது போதுமானதாக இருந்திருக்கும்.

1961-இல் ஓய்வு பெற்று ஒற்றப்பாலத்துக்குத் திரும்பினார். புத்தகங்கள் எழுதினார், இந்திய சோவியத் கலாசாரக் கழகத்தை முன்னின்று நடத்தினார். 1979-இல் லெனின் அமைதிப் பரிசு கிடைத்தது. 1982 நவம்பரில் இறந்தார். ஓய்வுக் காலத்து மேனன்மேல் உள்ள புகார் நியாயமானது. மாஸ்கோவில் பார்த்த கெடுபிடிகளை டைரியில் துல்லியமாகக் குறித்தவர், பின்னால் சோவியத் நட்பு மேடைகளில் நின்றபோது அந்தப் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஒரு நாட்டில் நீண்ட நாள் இருந்த தூதர் அந்த நாட்டின் வக்கீலாகவே ஆகிவிடும் நோய்க்கு அவரும் தப்பவில்லை.

குடும்பத்தைச் சொல்லாமல் விட முடியாது. அதே பெயர் கொண்ட மகன் கே.பி.எஸ். மேனன் 1987 முதல் 1989 வரை வெளியுறவுச் செயலாளர். மகள் வழிப் பேரன் சிவசங்கர் மேனன் 2006 முதல் 2009 வரை அதே பதவியில் இருந்து, பிறகு தேசியப் பாதுகாப்பு ஆலோசகரானார். ஒரே வீட்டிலிருந்து மூன்று வெளியுறவுச் செயலாளர்கள். வாரிசு முறை என்று முணுமுணுப்பவர்களுக்குப் பதில் உண்டு: மகனும் பேரனும் தேர்வு எழுதித்தான் வந்தார்கள். அதற்கும் மறுகேள்வி உண்டு: சாப்பாட்டு மேஜையிலேயே பீகிங்கையும் மாஸ்கோவையும் கேட்டு வளர்ந்த பிள்ளையும், ஜோலார்பேட்டையில் ரயில் ஏறித் தேர்வு எழுதப் போகிற பிள்ளையும் ஒரே கோட்டிலிருந்தா ஓடுகிறார்கள்? இப்போது யு.பி.எஸ்.சி. தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். திருப்பத்தூர், ராணிப்பேட்டை, வேலூர் மாவட்டப் பிள்ளைகள் குரூப் தேர்வுகளைத் தாண்டி அந்தப் பக்கம் பார்ப்பது இன்னும் குறைவு. பார்க்கிறவர்களும் முதல் விருப்பமாகக் குறிப்பது ஐ.ஏ.எஸ். மேனனுக்கு நிர்வாகம், வெளியுறவு என்ற இரண்டு சர்வீஸும் ஒரே பாதையில் கிடைத்தன. இன்றைக்கு விண்ணப்பத்திலேயே ஒன்றை முன்னால் எழுதியாக வேண்டும்.